வாடகை டவரில் ரிப்பீட்டர்: காசு எங்கே கரைகிறது

ரிப்பீட்டர் (பலவீனமான சிக்னலை ஒரு அலைவரிசையில் வாங்கி, அதே நேரத்தில் இன்னொன்றில் பலமாக மறுபடி அனுப்பும் பெட்டி) வைக்கலாம் என்று ஒரு ஹாம் கிளப், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களின் சங்கம், முடிவெடுத்ததும் பேச்சு முதலில் பெட்டியைச் சுற்றித்தான் ஓடும். எந்த மாடல், எத்தனை வாட், அனலாகா டிஜிட்டலா என்று வாரக்கணக்கில் விவாதம் நடக்கும். பெட்டியை ஒருமுறை வாங்கினால் முடிந்தது. பத்து வருடம் விடாமல் காசு கேட்பது டவர். அதிலும் மாத வாடகையைவிட, ஆள் ஏறும் ஒவ்வொரு தடவையும் ஆகும் செலவு சின்னக் கிளப்புகளின் கையிருப்பைக் காலி செய்துவிடும். கீழே சொல்வதெல்லாம் மூன்று கணக்கில் அடங்கும்: டவரில் குறைந்த இடம் பிடிக்க வேண்டும், ஒருமுறை ஏற்றியதை இறக்க நேரக் கூடாது, பக்கத்து வாடகைதாரருக்குத் தொல்லை தரக் கூடாது.

வாடகைக்குள் என்னென்ன அடங்கும்

டவர் நிறுவனங்கள் வாடகை போடும் விதம் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எந்த உயரத்தில் ஆன்டெனா, மொத்தம் எத்தனை, கீழே வரும் கேபிள் எத்தனை, அதன் தடிமன் என்ன, ஷெல்ட்டருக்குள் (டவர் அடியில் கருவிகள் இருக்கும் அறை) ரேக்கில் எவ்வளவு இடம், மின்சாரம் எவ்வளவு. செல்போன் நிறுவனங்களை மனதில் வைத்து எழுதிய விலைப்பட்டியல் அது. ஒரு ஆன்டெனா, ஒரு கேபிளோடு போகிறவர்கள் அதை அப்படியே ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. பேரம் பேச இடம் உண்டு. ஆனால் எதைப் பேரம் பேசுவது என்று தெரிந்து போக வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சில செலவுகள் வந்து நிற்கும். டவர் கூடுதல் பாரத்தைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் தரும் அறிக்கை, ஏற்கெனவே இருக்கும் டிரான்ஸ்மிட்டர்களோடு உங்கள் அலைவரிசை கலந்தால் என்ன விளையும் என்ற இன்டர்மாட் ஆய்வு, பொறுப்புக் காப்பீடு, பயிற்சிச் சான்றிதழ் உள்ள ஏற்றக் குழு. சில தளங்களில் ஷெல்ட்டருக்குள் நுழையவே நிறுவனத்தின் ஆள் கூட வர வேண்டும், அந்த ஆளுக்கு மணிக்கணக்கில் கட்டணம். ஃபியூஸ் மாற்றப் போவதற்கும் இது பொருந்தும்.

கணக்கை ஆண்டுக்கணக்காகப் போடுங்கள். வாடகை, மின்சாரம், காப்பீடு மூன்றின் ஓராண்டுத் தொகை. ஒருமுறைச் செலவுகளின் கூட்டுத்தொகையில் பத்தில் ஒரு பங்கு. ஒரு தடவை ஏற ஆகும் கூலியில் பாதி, அதாவது இரண்டு வருடத்துக்கு ஒரு ஏற்றம் என்ற அனுமானம். மூன்றையும் கூட்டி, உண்மையில் சந்தா கட்டும் உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பட்டியலில் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சேர்க்கக் கூடாது. வரும் எண்ணைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்று தோன்றினால், பெட்டி வாங்குவதற்கு முன்பே தோன்றுவது நல்லது. சர்வதேச வானொலி விதிகள் அமெச்சூர் சேவையைப் பண ஆதாயம் இல்லாதது என்றே வரையறுக்கின்றன. அதனால் ரிப்பீட்டரை வைத்துச் சம்பாதித்து வாடகை கட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சந்தாவும் நன்கொடையும்தான் வழி.

உயரத்துக்கு ஏன் அவ்வளவு கொடுக்கிறோம்

டவரின் உச்சிதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் அதிகம். உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானத் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். சமதரையில் 30 மீட்டரில் ஆன்டெனா இருந்தால் சுமார் 22.6 கிலோமீட்டர், 60 மீட்டரில் 31.9. உயரத்தை இரட்டித்தாலும் தூரம் நாற்பது சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் சமதரையில் அந்தக் கூடுதல் ஒன்பது கிலோமீட்டருக்குக் காசு கொடுப்பதில் நியாயம் உண்டு.

மலையுச்சி டவரில் கதை வேறு. சுற்றுச் சமவெளியிலிருந்து 600 மீட்டர் உயர்ந்த மலை என்றால், அதன்மேல் டவரில் 30 மீட்டரில் வைத்தால் 103.4 கிலோமீட்டர், 60 மீட்டரில் 105.8. வித்தியாசம் இரண்டரை கிலோமீட்டர்கூட இல்லை. அதற்காக இரண்டு மடங்கு வாடகையும், கூடுதல் 30 மீட்டர் கேபிளும், அதில் ஏற்படும் இழப்பும். மலையில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத கீழ்த்தட்டைக் கேட்டு வாங்குவார்கள். சுற்றியுள்ள மரங்களுக்கும் ஷெல்ட்டர் கூரைக்கும் மேலே இருந்தால் போதும். “எந்த உயரம் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுங்கள், பிறகு அந்த இடம் வேறொருவருக்குத் தேவைப்பட்டால் நகர்ந்துகொள்கிறோம்” என்று எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கும் கிளப்புக்குக் கதவு சீக்கிரம் திறக்கும். நகர்த்தும் கூலி யாருடையது என்பதையும் அதே வரியில் எழுதிவிட வேண்டும்.

கீழ்த்தட்டில் ஒரு குறை உண்டு. டவரின் பக்கவாட்டில் ஆன்டெனா நிற்கும்போது டவரின் இரும்பே ஒரு பக்கத்தை மறைக்கும். எந்தத் திசையில் ஆட்கள் குறைவோ அந்தப் பக்கம் டவர் இருக்கும்படி, எதிர்ப்புறக் காலில் கட்ட வேண்டும். நான்கு திறந்த மடிப்பு டைபோல்களை (வளைத்த கம்பி ஆன்டெனாக்கள்) ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த அடுக்கு இதற்குத் தோதானது. நான்கு டைபோல்களையும் ஒரே பக்கம் திருப்பினால் அந்தத் திசையில் கெயின் (சிக்னலின் பலம்) கூடும். நாலா பக்கமும் திருப்பினால் சுற்றிலும் பரவும். ஃபைபர்கிளாஸ் குழாய்க்குள் இருக்கும் கொலீனியர் (ஒரே கோட்டில் அடுக்கிய ஆன்டெனா) பார்க்க அழகு, எடையும் குறைவு. ஆனால் காற்றில் ஆடி ஆடி உள்ளே ஒரு சால்டர் விரிசல் விட்டால், ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்யாத சாதாரண நிலையத்தில் ஒன்றும் தெரியாது. ரிப்பீட்டரில் கரகரவென்று கேட்கும். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

காற்றுப் பாரம்: ஆன்டெனாவைவிடக் கேபிள்

கட்டமைப்பு அறிக்கைக்கு ஆன்டெனாவின் பரப்பை மட்டும் கொடுத்துவிட்டுக் கேபிளை மறந்துவிடுவது வழக்கமான தவறு. 5 மீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஆன்டெனா காற்றுக்குக் காட்டும் பரப்பு 0.35 சதுர மீட்டர். அதே ஆன்டெனாவுக்கு 40 மீட்டர் இறங்கும் 7/8 அங்குல ஹீலியாக்ஸின் (கெட்டியான செம்பு உறையுள்ள கேபிள்) வெளிவிட்டம் சுமார் 28 மில்லிமீட்டர், பரப்பு 1.1 சதுர மீட்டருக்கு மேல். மூன்று மடங்கு. அரை அங்குலக் கேபிள் என்றால் 16 மில்லிமீட்டர், 0.64 சதுர மீட்டர்.

145 மெகாஹெர்ட்ஸில் அரை அங்குல ஹீலியாக்ஸின் இழப்பு 100 மீட்டருக்கு ஏறத்தாழ 2.8 டெசிபெல் (3 டெசிபெல் குறைந்தால் பவர் பாதியாகும்), 7/8 அங்குலத்துக்கு 1.5. நாற்பது மீட்டர் ஓட்டத்தில் வித்தியாசம் அரை டெசிபெல்தான். இரண்டு மீட்டர் பட்டைக்கு (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) அரை அங்குலமே போதும், வாடகையும் பாரமும் குறையும். 435 மெகாஹெர்ட்ஸில் இழப்பு முறையே 4.9, 2.7 என்று ஏறுவதால் நீண்ட ஓட்டத்தில் தடித்த கேபிளுக்கு வாதம் பலப்படுகிறது. ஏற்கெனவே டவரில் இருந்த வேறு யாரோ விட்டுப்போன கேபிள் கிடக்கிறதா என்றும் கேளுங்கள். பல டவர்களில் யாரும் பயன்படுத்தாத 7/8 அங்குலக் கேபிள் தொங்கிக்கொண்டிருக்கும். மேல்முனை மூடப்பட்டிருந்து, கேபிளை அளக்கும் அனலைசரில் சுத்தமாகத் தெரிந்தால் ஒரு பெரிய செலவு மிச்சம். தண்ணீர் போயிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

எல்.எம்.ஆர்-400 வகைக் கேபிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலிவு, வளையும், வீட்டு நிலையத்துக்கு அருமையானது. ஆனால் அதன் உறையில் அலுமினியத் தாளின்மேல் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வேறு உலோகங்கள் உரசும் இடம் அது. ஒரே கேபிளில் 50 வாட் மேலே போகும்போதே மைக்ரோவோல்ட் கணக்கில் சிக்னல் கீழே வரும் ரிப்பீட்டரில், காற்றில் ஆடும் அந்த உரசல் இரைச்சலாக மாறும். டூப்ளெக்ஸருக்குப் (ஒரே ஆன்டெனாவில் அனுப்புவதையும் வாங்குவதையும் பிரிக்கும் ஃபில்டர்) பிறகு டவர் வரை, ஷெல்ட்டருக்குள் இருக்கும் சின்ன இணைப்புத் துண்டான ஜம்பர் உட்பட, இந்த வகையைப் போடவே கூடாது. ஜம்பருக்கு இரட்டைப் பின்னல் கொண்ட, வெள்ளி பூசிய ஆர்.ஜி-214 அல்லது ஆர்.ஜி-400. கனெக்டர் என் வகை. பி.எல்-259 கனெக்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஒரே ஆன்டெனா, நல்ல டூப்ளெக்ஸர்

அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என்று இரண்டு ஆன்டெனா வைத்தால் டூப்ளெக்ஸர் வேண்டாமே என்று யாராவது கேட்பார்கள். இரண்டையும் செங்குத்தாக 6 மீட்டர் தள்ளி வைத்தால் இரண்டு மீட்டர் பட்டையில் கிடைக்கும் பிரிப்பு சுமார் 47 டெசிபெல். அனுப்பும் அலைவரிசைக்கும் வாங்கும் அலைவரிசைக்கும் நடுவே 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள 50 வாட் ரிப்பீட்டருக்குத் தேவை 85 முதல் 95. ஆக, இரண்டு இடத்துக்கு வாடகை கொடுத்துவிட்டு, மீதிக்குக் கேவிட்டியும் (குறிப்பிட்ட அலைவரிசையை விடவோ தடுக்கவோ செய்யும் உலோகக் குழாய் ஃபில்டர்) வாங்க வேண்டும். வாடகை டவரில் இது எடுபடாது.

அளவைப் பாருங்கள்: 50 வாட் என்பது கூட்டல் 47 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). ரிசீவர் தெளிவாகக் கேட்க வேண்டிய 0.25 மைக்ரோவோல்ட் என்பது கழித்தல் 119 டிபிஎம். இரண்டுக்கும் நடுவே 166 டெசிபெல். இந்த இரண்டையும் ஒரே கேபிளில் சண்டை போடாமல் வைத்திருப்பது டூப்ளெக்ஸர். கையில் இருக்கும் காசில் பெரும் பங்கை இங்கே போடுவதுதான் சரி.

70 சென்டிமீட்டர் பட்டைக்கு (435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) புத்தக அளவில் மலிவான டூப்ளெக்ஸர்கள் கிடைக்கின்றன. அவை நாட்ச் வகை: தன் டிரான்ஸ்மிட்டரின் ஒரு புள்ளியை மட்டும் வெட்டும், மற்ற எல்லாவற்றையும் உள்ளே விடும். தனியாக ஒரு மொட்டை மாடியில் அது பிரச்சினை இல்லாமல் ஓடும். பத்து டிரான்ஸ்மிட்டர் நிற்கும் டவருக்கு அதைக் கொண்டு போனால், ரிசீவருக்குள் ஊரே நுழையும். கூட்டுத் தளத்துக்கு பேண்ட்பாஸும் (தன் அலைவரிசையை மட்டும் உள்ளே விடுவது) நாட்ச்சும் சேர்ந்த வகை வேண்டும். ரிசீவர் பக்கம் கூடுதலாக ஒரு பாஸ் கேவிட்டியும் வைத்தால் நிம்மதி. இரண்டு மீட்டர் பட்டைக்கு ஆறு கேவிட்டி, ஒவ்வொன்றும் அரை மீட்டருக்கு மேல் உயரம். ரேக் இடம் பேசும்போது ரேடியோவை மட்டும் அளந்துவிட்டு வந்தால், இந்த ஆறு குழாய்களையும் வைக்க இடமின்றி நிற்க நேரிடும்.

டூப்ளெக்ஸரில் ஒரு பக்கத்துக்கு 1.5 டெசிபெல், 50 மீட்டர் அரை அங்குலக் கேபிளில் 1.4 என்று வைத்தால், 50 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 26 வாட். பதற வேண்டாம். 5 வாட் ஹேண்டியின் (கையடக்க ரேடியோ) குரல் ரிப்பீட்டரை எட்டும் தூரத்துக்கு அது தாராளம். இதைச் சரிக்கட்ட 100 வாட் ஆம்ப்ளிஃபையர் மாட்டுவது, கேட்கும் திறன் கூடாமல் பேசும் திறனை மட்டும் கூட்டும் வேலை. கேட்கும் பக்கம் பலவீனமாக இருந்தால், உறுப்பினர் வீடுகளில் இரண்டு மூன்று உதவி ரிசீவர்கள் வைத்து, இணையம் வழியாக இணைத்து, எதில் சிக்னல் நன்றாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கும் வோட்டிங் முறை பலன் தரும். அந்த இடங்களுக்கு வாடகையும் இல்லை.

நானோவிஎன்ஏ என்ற சின்ன அனலைசரை வைத்து டூப்ளெக்ஸர் டியூன் செய்யலாமா என்றால், பாதிதான். அதன் அளவிடும் வீச்சு 70 டெசிபெல் அருகே முடிந்துவிடும். 95 டெசிபெல் நாட்ச்சின் அடி அதன் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கேவிட்டியையும் தனித்தனியாகக் கழற்றி டியூன் செய்து, பிறகு கோத்து, கடைசித் திருத்தத்தை சிக்னல் ஜெனரேட்டரும் உணர்திறன் மிக்க ரிசீவரும் வைத்துச் செய்ய வேண்டும். கேவிட்டிகளை இணைக்கும் துண்டுக் கேபிளின் நீளத்தை மாற்றாதீர்கள். கால் அலை நீளம் என்பது 145 மெகாஹெர்ட்ஸில் ஆர்.ஜி-214க்கு, கனெக்டரும் டீயும் சேர்த்து, 34 சென்டிமீட்டர்தான். “கொஞ்சம் நீளமா இருந்தா மாட்ட வசதியா இருக்கும்” என்று 45 சென்டிமீட்டர் போட்டால் நாட்ச் பாழாகும். வண்டியில் குலுங்கிப் போன டூப்ளெக்ஸர் டியூனிங் விலகியிருக்கும். தளத்தில் மறுபடி பார்க்காமல் ரேக்கை மூடக் கூடாது.

டெசென்ஸ் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது

டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது ரிசீவர் செவிடாவதுதான் டெசென்ஸ். தூரத்து ஹேண்டி ஒன்று ஸ்கெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது ரிசீவரை ஊமையாக்கி வைக்கும் கதவு) திறக்கும், ரிப்பீட்டர் அனுப்பத் தொடங்கும், அனுப்பத் தொடங்கியதுமே அந்தச் சிக்னல் இரைச்சலில் மூழ்கி ஸ்கெல்ச் மூடும், அனுப்புவது நிற்கும், மறுபடி கேட்கும். திறந்து மூடித் திறந்து மூடி, மூச்சிரைப்பது போல ஒரு சத்தம். கேட்டவர்கள் உடனே “டவர்ல ஆன்டெனா போச்சு” என்று ஆளை ஏற்றிவிடுவார்கள். ஏற்றுவதற்கு முன் தரையிலேயே அரை மணி நேரத்தில் காரணத்தைப் பிரித்துவிடலாம்.

தேவை: சிக்னல் ஜெனரேட்டர், சினாட் மீட்டர் (சிக்னல் இரைச்சலைவிட எவ்வளவு மேலே என்று காட்டுவது), 50 வாட் தாங்கும் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை விழுங்குவது), 30 டெசிபெல் கசிவுள்ள கப்ளர் டீ (சிக்னலில் சிறு பங்கை மட்டும் கிளைக்கு விடும் இணைப்பு). டீயை டூப்ளெக்ஸரின் ஆன்டெனா முனையில் மாட்டி, ஜெனரேட்டரை அதன் கிளையில் இணையுங்கள். 50 வாட்டில் 30 டெசிபெல் கழித்தாலும் 50 மில்லிவாட் ஜெனரேட்டருக்குள் திரும்பும். அதனால் நடுவில் 20 டெசிபெல் பேடு (சிக்னலைக் குறைக்கும் துண்டு) போடாமல் தொடங்க வேண்டாம்.

முதலில் ஆன்டெனா முனையில் டம்மி லோடு, டிரான்ஸ்மிட்டர் அணைந்த நிலை. ரிசீவரில் 12 டெசிபெல் சினாட் வரும்படி ஜெனரேட்டரை வைத்து அளவைக் குறியுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரைப் போடுங்கள். பழைய 12 டெசிபெலுக்கு வர ஜெனரேட்டரை எவ்வளவு ஏற்ற வேண்டியிருக்கிறதோ அது டூப்ளெக்ஸரும் ஜம்பரும் ரேடியோவும் செய்யும் சேதம். ஒரு டெசிபெலுக்குள் இருந்தால் ரேக்குக்குள் பிரச்சினை இல்லை. மூன்றாவதாக, டம்மி லோடை எடுத்துவிட்டு டவர் கேபிளை மாட்டி, டிரான்ஸ்மிட்டரை அணைத்து அளக்க வேண்டும். முதல் அளவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தளத்தின் இரைச்சல். கடைசியில் கேபிள் மாட்டிய நிலையிலேயே டிரான்ஸ்மிட்டரைப் போட வேண்டும். இங்கே புதிதாக எகிறினால் மட்டும் குற்றவாளி மேலே இருக்கிறான்: கேபிள், கனெக்டர், ஆன்டெனா, அல்லது ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த ஏதோ ஒன்று.

மீட்டர் நிலையாக நிற்காமல் துள்ளினால், டிரான்ஸ்மிட்டர் ஓடும்போதே கேபிளை டவர் அடியில் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கையோடு சேர்ந்து கரகரத்தால் கேபிளோ கனெக்டரோ. கேபிளை ஆட்டினால் சும்மா இருந்து, காற்றடித்தால் மட்டும் கரகரத்தால் மேலே எங்கோ இரும்போடு இரும்பு உரசுகிறது: பழைய வாடகைதாரர் விட்டுப்போன கிளாம்ப், தளர்ந்த போல்ட், கேபிளைக் கட்டிய ஸ்டீல் பட்டி. ஆளை ஏற்றும்போது “ஆன்டெனாவைப் பார்” என்று அனுப்புவதற்கும், “ஆன்டெனாவைச் சுற்றி மூன்று மீட்டரில் ஆடுகிற இரும்பு எல்லாவற்றையும் இறுக்கு அல்லது கழற்று” என்று அனுப்புவதற்கும் ஒரு முழு நாள் கூலி வித்தியாசம்.

600 கிலோஹெர்ட்ஸ் பொறி

கூட்டுத் தளத்தில் மட்டும் வரும் வியாதி இது. ரிப்பீட்டர் 145.750இல் அனுப்பி 145.150இல் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே டவரில் 154.600, 154.000 என்று இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள். பார்த்தால் நம் பட்டைக்குச் சம்பந்தமே இல்லை. ஆனால் 145.750ஐயும் 154.000ஐயும் கூட்டி 154.600ஐக் கழியுங்கள்: 145.150. நம் வாங்கும் அலைவரிசையில் கச்சிதமாக விழுகிறது. எந்த இரண்டு டிரான்ஸ்மிட்டர்களுக்கு நடுவிலும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி இருந்தால் இதே கதைதான். பண்பலை ஒலிபரப்பு நிலையங்கள் இரண்டு 98.300, 98.900 என்று பக்கத்தில் இருந்தாலும் வரும், இரண்டு நிகழ்ச்சிகளும் கலந்த குழப்பச் சத்தமாக.

இதைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் நம் டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது மட்டும்தான் வரும். யாராவது பேசி முடித்தபின் ரிப்பீட்டர் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு டைம் அவுட் ஆகும்வரை விடாது. சப்டோன் (பேச்சோடு கூடவே போகும் தாழ்ந்த அடையாள ஒலி, அது இல்லாமல் ரிப்பீட்டர் திறக்காது) போட்டால் தானாகப் பிடித்துக்கொள்வது நிற்கும். அடியில் இருக்கும் இரைச்சல் அப்படியே இருக்கும், பலவீனமான ஹேண்டிகள் கேட்காமல் போகும். ஆகவே சப்டோன் மருந்து இல்லை, மறைப்பு.

கலப்பது எங்கே என்பதற்கு ஒரு சின்னச் சோதனை. ரிசீவர் முன்னால் 3 டெசிபெல் பேடு ஒன்றைச் செருகுங்கள். தொல்லை 3 டெசிபெல் மட்டும் குறைந்தால் அது வெளியிலிருந்து உண்மையாகவே வரும் சிக்னல். 9 டெசிபெல் வீழ்ந்தால் நம் ரிசீவருக்குள்ளேயே உண்டாகிறது. ரிசீவருக்குள் என்றால் பாஸ் கேவிட்டி. முன்னால் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள், பாதி நேரம் அதுதான் காரணம். வெளியே என்றால் நம் டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டமோ, மற்றவருடையதோ, துருப்பிடித்த இணைப்போ.

டிரான்ஸ்மிட்டரில் கலப்பதற்கு மருந்து ஐசோலேட்டர். இரட்டைக் கட்ட ஐசோலேட்டர் வெளியிலிருந்து திரும்பி வரும் சிக்னலை 50 டெசிபெலுக்கு மேல் தடுக்கும். தளப் பொறியாளர்கள் பலர் இது இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்கள். அவர்கள் கேட்பது நியாயம். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஐசோலேட்டரின் ஃபெரைட் தானே இரண்டாம் ஹார்மோனிக்கை உண்டாக்கும், அதனால் அதற்குப் பின்னால் பாஸ் கேவிட்டியோ லோபாஸ் ஃபில்டரோ கட்டாயம். அடுத்தது, ஐசோலேட்டர் குறுகிய பட்டையில்தான் வேலை செய்யும். 145க்கு டியூன் செய்தது 98 மெகாஹெர்ட்ஸ் பண்பலைச் சிக்னலைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது. அதைத் தடுப்பது பாஸ் கேவிட்டி.

அலைவரிசை கேட்டு விண்ணப்பிப்பதற்கு முன்பே தளத்தில் உள்ள எல்லா டிரான்ஸ்மிட்டர்களின் பட்டியலை வாங்கி ஒரு விரிதாளில் போட்டு, 600 கிலோஹெர்ட்ஸ் ஜோடிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் இரண்டு மீட்டரை விட்டுவிட்டு 70 சென்டிமீட்டருக்குப் போவது மலிவு. அங்கே இடைவெளி பெரிது, கேவிட்டி சிறிது.

தள இரைச்சலையும் கையெழுத்துக்கு முன்பே அளந்துவிட வேண்டும். பகலில் மட்டும் போய் அளந்தால் பாதிதான் தெரியும். டவர் உச்சியின் எல்.இ.டி. எச்சரிக்கை விளக்கு பெரும்பாலும் இரவில்தான் எரியும், அதன் பவர் சப்ளை இரைச்சலும் இரவில்தான் வரும். ஷெல்ட்டரில் இருக்கும் ரெக்டிஃபையர்கள், சோலார் சார்ஜர்கள், மலிவான எல்.இ.டி. குழல்கள் எல்லாம் இந்த வகைதான்.

ஏற்றத்தை மிச்சப்படுத்தும் சில வேலைகள்

மேலே உள்ள கனெக்டரில் தண்ணீர் புகுவதுதான் அதிகம் ஏற வைக்கும் கோளாறு. முதல் சுற்று வினைல் டேப், அதன்மேல் பியூட்டைல் ரப்பர், அதற்குமேல் மூன்று சுற்று வினைல். கடைசிச் சுற்று கீழிருந்து மேலே போக வேண்டும். ஓடு வேய்ந்தது போல ஒன்றின்மேல் ஒன்று படிந்து, தண்ணீர் வழிந்து இறங்கும். டேப்பை இழுத்து அறுக்கக் கூடாது, கத்தியால் வெட்ட வேண்டும். இழுத்து அறுத்த நுனி வெயிலில் சுருங்கிப் பிரிந்து கொடிபோல ஆடத் தொடங்கிவிடும். கேபிளை மீட்டருக்கு ஒரு ஹேங்கர் வீதம் பிடிக்க வேண்டும், ஷெல்ட்டருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட வேண்டும். எர்த் கிட் மேலே ஒன்று, டவரின் அடியில் கேபிள் திரும்பும் முன் ஒன்று, நுழைவுப் பலகையில் ஒன்று. செம்பைத் துத்தநாகம் பூசிய இரும்பின்மேல் நேராக இறுக்காதீர்கள், இரும்பு அரிக்கும். மின்னல் பாதுகாப்புக்கு மோட்டரோலாவின் ஆர்56 வழிகாட்டியைத்தான் பல தளங்கள் அளவுகோலாக வைத்திருக்கின்றன.

ஏற்றிய அன்றே கேபிளின் ரிட்டர்ன் லாஸ் (அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவு) வரைபடத்தை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ரிப்பீட்டர் கன்ட்ரோலரில் முன்செல்லும் பவர், திரும்பும் பவர், வெப்பநிலை மூன்றையும் தினமும் பதிவு செய்ய ஏற்பாடு வேண்டும். திரும்பும் பவர் மழைக்குப் பின் ஏறி வெயிலுக்குப் பின் இறங்கினால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இதை ஆறு மாதம் முன்பே பார்த்துவிட்டால், அவசர ஏற்றத்துக்குக் காசு கொடுக்காமல், மற்ற வாடகைதாரர் ஆளை ஏற்றும் நாளோடு சேர்ந்துகொள்ளலாம். தளப் பொறியாளரிடம் பராமரிப்புத் தேதியைக் கேட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பு தரையிலிருந்து அளந்து, செய்ய வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கமாக வேண்டும்.

மின்சாரம்

25 வாட்டில் ஓடும் ரிப்பீட்டர் அனுப்பும்போது 13.8 வோல்ட்டில் 7 ஆம்பியர், அதாவது 97 வாட். சும்மா இருக்கும்போது ஒரு ஆம்பியர், 14 வாட். ஒரு நாளில் 15 சதவீத நேரம் பேச்சு என்றால் சராசரி 26 வாட், பவர் சப்ளை இழப்பும் சேர்த்து 31. மாதத்துக்கு 22 யூனிட் சுமார். இதோடு 8 வாட் ரவுட்டர் ஒன்று சேர்ந்தால் அதுமட்டும் மாதம் 6 யூனிட். லிங்க் ரேடியோ, சிறு கணினி, எப்போதும் சுழலும் விசிறி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால், பேசாமல் இருக்கும் நேரத்தின் செலவு பேசும் நேரத்தை முந்திவிடும். மீட்டர் இல்லாத தளங்களில் நிறுவனம் தோராயமாக ஒரு தொகை போடும். அது பெரும்பாலும் பெட்டியின் பின்னால் அச்சிட்ட உச்ச ஆம்பியரை வைத்துத்தான். வாட் மீட்டரில் ஒரு வாரம் ஓட்டி எடுத்த அளவைக் காட்டினால் குறைத்துக்கொள்வார்கள்.

பேட்டரிக் கணக்கைச் சாதாரண நாளை வைத்துப் போடக் கூடாது. பேரிடர் நாளில் பாதி நேரம் டிரான்ஸ்மிட்டர் ஓடும். சராசரி 55 வாட் தாண்டும். 24 மணி நேரத்துக்கு 100 ஆம்பியர் அவருக்கு மேல். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 200 ஆம்பியர் அவர் வாங்க வேண்டியிருக்கும். டிரான்ஸ்மிட் பவரைப் பேட்டரியில் ஓடும்போது தானாகப் பாதியாகக் குறைக்கும்படி கன்ட்ரோலரில் அமைத்தால் இது வெகுவாகச் சுருங்கும். 3 டெசிபெல் குறைந்ததைப் பெரும்பாலோர் கவனிக்கவே மாட்டார்கள்.

தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை

பழைய நட்பில், வாய்வார்த்தையில் டவரில் இடம் கிடைப்பது உண்டு. டவர் கைமாறும் வரை அது நீடிக்கும். புதிய உரிமையாளரின் கணக்காளருக்கு முன்னால் ஒரு தாள் இருக்க வேண்டும். வாடகை இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் இருக்கட்டும், பெயரளவுக்கு ஒரு தொகை போட்டு. எந்த உயரம், எந்தக் காலில், எந்த அலைவரிசை, எத்தனை வாட். வெளியேறச் சொல்ல எத்தனை மாத அவகாசம். எந்த நேரத்தில் யார் உள்ளே போகலாம், கூட வரும் ஆளுக்கு யார் பணம். டவருக்குப் பெயின்ட் அடிக்கும்போதும், வலுப்படுத்தும்போதும் ஆன்டெனாவை இறக்கி ஏற்றும் கூலி யாருடையது. குறுக்கீடு வந்தால் கடைசியாக வந்தவரே முதலில் அணைக்க வேண்டும் என்ற விதி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உங்களுக்குப் பிறகு வருபவருக்கும் அது பொருந்தும் என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு வரியைக் கிளப்புகள் மறந்துவிடுகின்றன. ஒப்பந்தம் முடியும்போது ஆன்டெனாவையும் கேபிளையும் கழற்றி எடுத்துப்போகும் பொறுப்பு பெரும்பாலும் வாடகைதாரர் தலையில்தான். கையில் காசு தீர்ந்ததால்தான் ரிப்பீட்டரை மூடுகிறார்கள். அப்போது ஏற்றக் கூலிக்கு எங்கே போவது? முதல் மாதச் சந்தாவிலிருந்தே ஒரு ஏற்றத்துக்கான தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, வேறு எதற்கும் தொடாமல் வைத்துவிடுங்கள்.